மஞ்ச லைட்டு, 7,400 ரூவா சென்சார், 1,900 ரூவா டாங்கிள் – ஆறு மாச ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா இத வாங்கிட்டா மெக்கானிக்கே தேவையில்லன்னு நெனச்சு வாங்குனீங்கன்னா காசு வேஸ்ட்டு. எதுக்கு வாங்கலாம் எதுக்கு வாங்கக் கூடாதுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க.

பொருள் என்னன்னா ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (ஓபிடின்னா வண்டி தன் கோளாற தானே கண்டுபிடிச்சு சொல்ற முறை). தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்பு டப்பா. ஸ்டியரிங்குக்குக் கீழ, முட்டிக்கு மேல, குனிஞ்சு பாத்தா 16 பின் இருக்கற ஒரு சாக்கெட் தெரியும், அதுல சொருகி போன்ல ஒரு ஆப் போட்டா வண்டியோட கம்ப்யூட்டர் என்ன பாத்துட்டு இருக்கோ அத நாமளும் பாக்கலாம். நான் குடுத்தது 1,900 ரூவா. பிராண்ட் பேரு போடல, ஏன்னா ஒரே சரக்கு நாலு பேர்ல நாலு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க, பேரச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. எதப் பாத்து வாங்கணும்னு கீழ சொல்றேன்.

நமக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம். மாமனார் ஊரு ஏற்காட்டுக்கு மேல நாகலூர், கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு வெச்சிருக்காரு, அதனால வாரம் ஒரு தடவ மலை ஏறி எறங்கியே ஆகணும். வண்டி 2016 மாடல் பெட்ரோல், 92,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. இது வரைக்கும் பெருசா எதுவும் தொல்ல குடுத்ததில்ல.

பிப்ரவரில ஒரு சனிக்கெழம அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி ஏழாவது கொண்ட ஊசி வளைவுல திரும்பும்போது டாஷ்போர்டுல மஞ்சளா ஒன்னு எரிஞ்சுச்சு. "என்னங்க அது, கொழா வெச்ச கொடம் மாதிரி இருக்கு"ன்னாங்க வீட்டம்மா. அது இஞ்சின் படமாம், செக் இஞ்சின் லைட்டு. வண்டி ஓடுது, ஆனா நிறுத்தி ஐடில்ல விட்டா ஆர்பிஎம் முள்ளு ஏறி எறங்கி ஏறி எறங்கி ஒரு மாதிரி மூச்சு வாங்குது. எப்படியோ மேல போயி எறங்கி வந்து திங்கக்கெழம பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்னுல விட்டேன் (பேரு வேணாம், எந்த ஊர்லயும் இப்டி ஒன்னு இருக்கும்). ஒரு பையன் டேப் மாதிரி ஒன்ன கொண்டாந்து சொருகுனான், பத்து நிமிஷத்துல பேப்பர் வந்துருச்சு, பி0171ன்னு ஒரு கோடு (கோளாறு நம்பர்). "சார், மிக்சர் லீனா ஓடுது, ஓ2 சென்சார் வீக்காயிடுச்சு, மாத்திடலாம்"னு அட்வைசர் சொன்னாரு (லீன்னா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி; ஓ2ன்னா ஆக்சிஜன்). எனக்கு என்ன தெரியும், மாத்துங்கன்னுட்டேன். லேபரோட 7,400. லைட்டு அணைஞ்சுருச்சு. பழைய சென்சார ஒரு கவர்ல போட்டு கைல குடுத்தாங்க, அதுக்கு மட்டும் நன்றி.

அஞ்சாவது நாள் அதே லைட்டு. அதே கோடு.

போன் பண்ணா "கொண்டாங்க சார், இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிப் பாக்கலாம், அப்பவும் வந்தா ஃப்யூல் பம்ப் பாக்கணும்"ங்கறாங்க. பாக்கலாம் பாக்கலாம்னு என் காசுலயே பாப்பாங்க போலருக்கே! அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுதான், ஒரு வாரம் அதே வேலை. டாங்கிள் வாங்குன கத இதான்.

இப்ப, அந்த டப்பா யாரோட பேசுதுன்னு கொஞ்சம் சொல்லணும், இது தெரியாம டாங்கிள் வாங்குனா ஸ்கிரீன்ல நம்பர் ஓடறத வேடிக்க பாக்கலாம், அவ்ளோதான். வண்டிக்குள்ள ஈசியுன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்கு கண்ணு கெடையாது, சென்சார்தான். கிராங்க் சாஃப்ட் (பிஸ்டனுங்க சுத்த வெக்கற தண்டு) பக்கத்துல ஒரு சென்சார் பல்லுச் சக்கரத்த எண்ணிட்டே இருக்கும், நெறைய வண்டில 60 பல்லுக்கு எடம் இருக்கும் ஆனா ரெண்டு பல்லு வேணும்னே விட்டுருப்பாங்க, அந்த ஓட்டப்பல்லு வர்ற எடத்த வெச்சுத்தான் பிஸ்டன் இப்ப எங்க இருக்குன்னு அது கண்டுபிடிக்குது. உள்ள எவ்ளோ காத்து போகுதுன்னு அளக்க எம்ஏஎஃப் சென்சார் (சில வண்டில இதுக்குப் பதிலா மேனிஃபோல்டு ப்ரஷர் பாக்கற எம்ஏபி இருக்கும், என்துல எம்ஏஎஃப்), தண்ணி சூடு பாக்க ஒன்னு, ஆக்சிலேட்டர் எவ்ளோ அமுக்கிருக்கோம்னு பாக்க ஒன்னு. இதெல்லாம் வெச்சு எந்த இன்ஜெக்டர எத்தன மில்லி செகண்ட் தொறக்கணும், ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு கணக்குப் போடுது. 3,000 ஆர்பிஎம்ல நாலு சிலிண்டர் இஞ்சின்னா செகண்டுக்கு 100 ஸ்பார்க். நாம ஏசி வெண்ட திருப்பிட்டு இருக்கற நேரத்துல அது நூறு தடவ முடிவு எடுத்துருக்கும்.

பெட்ரோலுக்கு ஏத்த காத்துக் கணக்கு எடைல 14.7க்கு 1. இதுல இருந்து ரொம்ப நகந்தா சைலன்சருக்கு முன்னாடி இருந்து பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யாது. அதனால எரிஞ்சு வெளிய போற பொகைல ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஓ2 சென்சார் மோந்து பாத்துச் சொல்லும். இத 1976லயே பாஷ் கம்பெனி வண்டிக்குக் கொண்டு வந்துட்டாங்க, வோல்வோலதான் மொதல்ல. பெட்ரோல் ஜாஸ்தின்னா 0.9 வோல்ட் பக்கம் போகும், காத்து ஜாஸ்தின்னா 0.1க்கு வரும். ஈசியு அதப் பாத்துட்டு பெட்ரோல கொஞ்சம் கூட்டும், கொறைக்கும், கூட்டும், கொறைக்கும், நாள் முழுக்க இதே பொழப்பு. எவ்ளோ கூட்டிருக்கேன்ங்கறத சதவீதமா எழுதி வெச்சுக்கும், அதுக்குப் பேருதான் ஃப்யூல் ட்ரிம். இந்தக் கூட்டல் ஒரு லிமிட்ட தாண்டுனா "என்னால முடியலப்பா"ன்னு பி0171 போட்டு லைட்ட எரிய விடும்.

கவனிச்சீங்களா, அந்தக் கோடு ஓ2 சென்சார் கெட்டுப் போச்சுன்னு சொல்லவே இல்ல. லீனா இருக்குன்னு ஓ2 சென்சார் ரிப்போர்ட் குடுத்துச்சுன்னுதான் சொல்லுது. எங்க தெருல ஒரு பெரியவர் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணி "மாடில சத்தம் கேக்குது"ம்பாரு. சத்தம் கேக்கறது நெஜம். யாரு போட்டதுன்னு அவருக்குத் தெரியாது. சர்வீஸ் சென்டர்ல பண்ணது என்னன்னா போன் பண்ண பெரியவரையே வீட்ட காலி பண்ண வெச்ச மாதிரி.

சரி, லைட்டு ஏன் அஞ்சு நாள் கழிச்சு வந்துச்சு? இதும் அப்பறம்தான் புரிஞ்சுச்சு. கோட அழிச்சா அந்த ஃப்யூல் ட்ரிம் கணக்கும் பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் போயிடும், மறுபடி கத்துக்கிட்டு ஏற நாளாகும். அதுவும் போக மொதல் தடவ தப்பு தெரிஞ்ச ஒடனே லைட்ட போடாது, பெண்டிங்னு உள்ள குறிச்சு வெச்சுக்கும், இன்னொரு ட்ரிப்லயும் அதே தப்பு வந்தாத்தான் லைட்டு. அதனால "லைட்டு அணைஞ்சுருச்சு, சரியாயிடுச்சு"ன்னு யாராச்சும் சொன்னா ஒரு வாரம் ஓட்டிட்டு காசு குடுக்கறேன்னு சொல்லிப் பாருங்க.

இனி டாங்கிளுக்கு வருவோம். மொதல்ல வாங்குனது 350 ரூவா சரக்கு. அத பத்தி நாலு வரி போதும். போனோட ஜோடி சேரும், அஞ்சு நிமிஷத்துல புட்டுக்கும், ஆர்பிஎம் காட்டும், ட்ரிம் கேட்டா 'நோ டேட்டா'ங்கும். இந்த டப்பாக்கு எல்லாம் மூலம் ஈஎல்எம்327ன்னு ஒரு சிப்பு, கனடால ஒரு சின்ன கம்பெனி பண்ணது. மொத வெர்ஷன்ல காப்பி அடிக்க முடியாதபடி பூட்டு போடாம விட்டுட்டாங்க, ஒலகமே காப்பி அடிச்சுருச்சு. அந்தக் கம்பெனிய 2022ல மூடியும் ஆச்சு. இதுல காமெடி என்னன்னா, ஆன்லைன்ல "1.5 வெர்ஷன்தான் ஒரிஜினல் சார், 2.1 டூப்ளிகேட்"னு விக்கறாங்க பாருங்க, 1.5னு ஒரு வெர்ஷன அந்தக் கம்பெனி விட்டதே இல்ல. ரெண்டும் காப்பிதான், ஒன்னு கொஞ்சம் நல்ல காப்பி. அதனால அட்டைல என்ன நம்பர் போட்டுருக்குன்னு பாக்காதீங்க, திருப்பிக் குடுக்கற வசதி இருக்கான்னு பாருங்க, வாங்குன அன்னிக்கே சொருகி ஃப்யூல் ட்ரிம்மும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் (இது என்னன்னு கீழ வரும்) வருதான்னு பாருங்க, வரலன்னா அன்னிக்கே ரிட்டர்ன். ஐபோன் வெச்சிருக்கவங்க சாதா ப்ளூடூத் டப்பா வாங்காதீங்க, கனெக்ட் ஆகாது, ப்ளூடூத் எல்ஈ இல்லன்னா வைஃபை டப்பா வாங்கணும்.

ரெண்டாவதா வாங்குனதுதான் இந்த 1,900. சொருகி சாவி ஆன் பண்ணி போன்ல 1234 பின் போட்டேன், ஆப்ல ஈசியு கனெக்டட்னு வந்துச்சு. மொதல் தடவ பாக்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சுங்க, ஏழு வருஷமா ஓட்டற வண்டி இப்பதான் வாய தொறந்து பேசுது.

வீட்டு வாசல்லயே நிறுத்தி வெச்சு பாத்தேன். இஞ்சின் சூடாகி ஐடில்ல இருக்கு, ரெண்டு ட்ரிம்மையும் (ஒன்னு அந்தந்த நேரத்துக்கு மாறறது, இன்னொன்னு நாள்பட கத்துக்கிட்டது) கூட்டுனா ப்ளஸ் 26 சதவீதம். அதாவது கணக்குப்படி ஊத்த வேண்டியத விட கால் பங்கு ஜாஸ்தி பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்கு. ஓ2 சென்சார் கிராஃப் பாத்தா 0.1க்கும் 0.9க்கும் நல்லா துள்ளிட்டு இருக்கு, புதுசாச்சே. அப்பறம் ஆக்சிலேட்டர லேசா அமுக்கி 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சேன். 26 அப்டியே எறங்கி எறங்கி 6ல வந்து நின்னுச்சு. கால எடுத்தா மறுபடி 20க்கு மேல.

இதான் விஷயமே. ஃப்யூல் பம்ப் வீக்கா இருந்தா ஜாஸ்தி பெட்ரோல் கேக்கும்போதுதான் மூச்சு முட்டணும், அதாவது ஆர்பிஎம் ஏற ஏற, லோடு ஏற ஏற நம்பர் மோசமாகணும். இங்க தலைகீழா இருக்கு. ஐடில்ல உள்ள போற காத்தே கொஞ்சம், அதுல எம்ஏஎஃப் கண்ணுக்குத் தெரியாம வேற ஒரு ஓட்ட வழியா காத்து பூந்தா அது பெரிய பங்கு. 2,500ல நெறைய காத்து போகுது, அதே ஓட்ட காத்து அதுல சின்ன பங்கு. ஆக எங்கயோ காத்து லீக்கு. இன்ஜெக்டர் கிளீனிங்கும் வேணாம் பம்ப்பும் வேணாம். எம்ஏபி சென்சார் வெச்ச வண்டில இந்தக் கணக்கு இப்டியே பொருந்தாது, லீக் ஆனாலும் ப்ரஷர் ஏறுனது அதுக்குத் தெரிஞ்சுரும், அதுல ஐடில் ஆர்பிஎம்தான் ஏறி நிக்கும், அதனால என் நம்பர வெச்சு உங்க வண்டிக்கு தீர்ப்பு எழுதிடாதீங்க.

லீக்குன்னு தெரிஞ்சுருச்சு, எங்கன்னு தெரியணுமே. டப்பா அத சொல்லாது. கோரிமேடு போற ரோட்டுல ஒரு அண்ணன் சின்னதா ஷெட் வெச்சிருக்காரு, ரெண்டு வண்டி நிறுத்தலாம், மூணாவது ரோட்டுலதான். ஸ்கிரீன் ஷாட்ட காட்டுனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ரெண்டு நிமிஷம் பாத்தாரு.

"தம்பி, கோட அழிச்சுட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா, அப்டியே இருக்கு."

"அப்பாடா. எல்லாரும் அழிச்சுட்டு வந்து என்ன கோடுன்னு கண்டுபிடிங்கண்ணாம்பாங்க."

அழிக்கக் கூடாதுக்கு காரணம் இருக்கு. கோடு விழுந்த அந்த நொடில ஆர்பிஎம் என்ன, தண்ணி சூடு என்ன, லோடு என்ன, வேகம் என்னன்னு ஈசியு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. கோட அழிச்சா அதும் போயிடும். என்துல இருந்த போட்டோல 740 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், சூடு 91. வண்டி நின்னுட்டு இருக்கும்போது விழுந்த கோடு. அண்ணன் அந்த ஒரு வரிய பாத்துட்டுத்தான் தலையாட்டுனாரு.

அவருகிட்ட ஒரு பொக மிஷின் இருக்கு. மிஷின்னா கடைல வாங்குனது இல்ல, பழைய பெயிண்ட் டப்பா, உள்ள டீசல் வண்டி க்ளோ ப்ளக் ஒன்னு, கொஞ்சம் பேபி ஆயில், டயருக்கு காத்தடிக்கற கம்ப்ரஷர்ல இருந்து லேசா ஒரு லைன். ஆன் பண்ணா வெள்ளப் பொக வரும், கொழந்த குளிப்பாட்டுன வீடு மாதிரி வாசம் வேற. அந்தப் பொகைய இன்டேக் கொழாய்க்குள்ள விட்டுட்டு டார்ச் அடிச்சு பாத்துட்டே இருந்தாரு. மேல எங்கயும் இல்ல. ஒரு கைய உள்ள விட்டு பிசிவி வால்வுல (இஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய மறுபடி இன்டேக்குக்கு அனுப்பறது) இருந்து வர்ற ரப்பர் எல்போவ, அதாவது வளஞ்ச கொழாய, லேசா அசைச்சாரு, நூலு மாதிரி பொக வந்துச்சு. கழட்டி என் கைல குடுத்தாரு. சும்மா பாத்தா ஒன்னும் தெரியல, மடக்குனா உள்பக்கம் பிளவு வாயப் பொளக்குது. சூடுல வெந்து வெந்து ரப்பர் தட்டுவடை மாதிரி மொறுமொறுன்னு ஆயிருக்கு.

ரப்பர் 180, பொகைக்கும் லேபருக்கும் சேத்து 600. மாத்துனதும் அங்கயே டப்பாவ சொருகி பாத்தோம், ஐடில்ல 26 இருந்தது கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு, ரெண்டு நாள் ஓட்டுனப்பறம் 3. ஆர்பிஎம் முள்ளு ஆணி அடிச்ச மாதிரி 720ல. இது நடந்து ஆறு மாசம் ஆச்சு, லைட்டு வரல.

இதுக்கப்பறம் டாங்கிள கழட்டி வெச்சிருக்கலாம், ஆனா எனக்கு பைத்தியம் பிடிச்சுருச்சு. மலைக்கு போகும்போதெல்லாம் சொருகிட்டுப் போறேன், வீட்டம்மா பக்கத்துல இருந்து நம்பர் படிப்பாங்க. ஏற்காடு ரோட்டுல இத போட்டுட்டு போறது தனி சுகம்ங்க. பாரோமெட்ரிக் ப்ரஷர்னு ஒன்னு வரும், வீட்ட விட்டு கெளம்பும்போது 98 கிலோபாஸ்கல். 20 கொண்ட ஊசி வளைவும் ஏறி ஏரி பக்கம் போயி பாத்தா 86. அதாவது நூத்துக்கு பன்னெண்டு பங்கு காத்து கீழயே நின்னுடுச்சு, இஞ்சின் தெம்பும் அந்த அளவுக்கு கொறையும். நாம ஆளு ஜாஸ்தி ஏத்திட்டோமோன்னு நெனப்போம். எம்ஏஎஃப் காத்த எடையா அளக்கறதால கொறஞ்ச காத்துக்கு கொறஞ்ச பெட்ரோல்தான் ஊத்தும், ட்ரிம் நம்பர் மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கு.

இத மாமனாருகிட்ட காட்டுனேன். அவரு ஒரு காலத்துல கார்ப்பரேட்டர் (கம்ப்யூட்டர் இல்லாம காத்தோட பெட்ரோல கலக்கற பாகம்) ஜீப்பு வெச்சிருந்தவரு. "மாப்ள, எங்க ஜீப்பு மேல வந்தா கறுப்பா பொக தள்ளும், ப்ளக்கு எல்லாம் கரி பிடிச்சுரும், ஸ்க்ரூ ட்ரைவர் வெச்சு திருகிட்டு கெடப்போம், கீழ எறங்குனா மறுபடி திருகணும், இங்க என்னடான்னா ஒரு டப்பா தானா பண்ணிக்குதுங்கறீங்க." அதான் விஷயம், கார்ப்பரேட்டருக்கு காத்து லேசாயிடுச்சுன்னு தெரியாது, சேலத்துல ஊத்துன மாதிரியே கிட்டத்தட்ட அதே அளவு பெட்ரோல நாகலூர்லயும் ஊத்தும்.

எறக்கத்துல இன்னும் சுவாரசியம். ரெண்டாவது கியர்ல போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா ஆர்பிஎம் 2,200ல ஓடுது, ஆனா ஓ2 சென்சார் வோல்டேஜ் அப்டியே பூஜ்யத்துக்கு பக்கம் படுத்துக்குது. இன்ஜெக்டர ஈசியு மூடிருச்சு, உள்ள வெறும் காத்துதான் போயிட்டு வருது. ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல, வண்டி வேகத்துலதான் இஞ்சின் சுத்துது. நியூட்ரல்ல விட்டா என்னாகும்? இஞ்சின் அணையாம இருக்க ஐடில் பெட்ரோல் ஊத்தியே ஆகணும். ஆக பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல எறங்கறவங்க பெட்ரோலையும் விட்டு பிரேக்கையும் கருக்கறாங்க. என் தம்பி (சித்தப்பா பையன்) இதுல பெரிய எக்ஸ்பர்ட்டு, அவன பக்கத்துல உக்கார வெச்சு காட்டுனேன், "சரிடா அண்ணா"ன்னான், அடுத்த வாரம் மறுபடி நியூட்ரல்ல எறங்கிருக்கான். நம்பர் காட்டுனா எல்லாரும் மாறிடுவாங்கன்னு நெனச்சது என் தப்பு.

ஆனா இந்த எறக்கத்துலதான் ஆப்போட குட்டும் வெளிப்பட்டுச்சு. மைலேஜ் காட்டற மீட்டர் ஒன்னு இருக்கே, அது பெட்ரோல நேரா அளக்கறதில்ல, எம்ஏஎஃப் காத்த 14.7ஆல வகுத்து கண்டுபிடிக்குது. இன்ஜெக்டர் மூடிருக்கும்போதும் காத்து போகுதில்ல, அதுக்கும் பெட்ரோல் செலவு போட்டுருது. மலை ரோட்டுல அந்த மைலேஜ நம்பாதீங்க, டேங்க் ஃபுல் பண்ணி கணக்குப் போடற நம்ம பழைய முறைதான் சரி.

கொற சொல்லணும்னா இன்னும் இருக்கு. டப்பா கொஞ்சம் நீட்டிட்டு நிக்குது, எறங்கும்போது முட்டில இடிக்குது. அத விட முக்கியம், அந்த சாக்கெட்ல 16ஆவது பின்னுக்கு எப்பவும் பேட்டரி கரண்ட் வந்துட்டே இருக்கும், சாவி எடுத்தாலும். நான் ஒரு தடவ கல்யாணத்துக்கு வெளியூர் போயிட்டு பத்து நாள் அப்டியே விட்டுட்டேன், வந்து சாவி திருகுனா டிக் டிக் டிக். பேட்டரி வேற பழசு, ரெண்டும் சேந்துருச்சு. வேலை முடிஞ்சா கழட்டிடுங்க. நாலஞ்சு நம்பர்க்கு மேல ஒரே நேரத்துல போட்டா அப்டேட் தடுமாறுது. ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டு எரிஞ்சா என் வண்டில இது வாயே தொறக்கல, அதுக்கு மெக்கானிக்குங்க வெச்சிருக்கற பெரிய ஸ்கேனர்தான் வேணும். சாவி கோடிங் அது இதுன்னு எதும் ஆகாது.

கோடு படிக்கறது ஈசி. மொதல் எழுத்து பவர்ட்ரெயினுக்கு, அதாவது இஞ்சின் கியர்பாக்ஸுக்கு, பி (P), பாடிக்கு பி (B) (தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒன்னா இருக்கு, என்ன பண்றது), சேஸிஸ்க்கு சி, வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க ஒன்னோட ஒன்னு பேசற நெட்வொர்க்குக்கு யு. அடுத்த நம்பர் பூஜ்யம்னா எல்லா கம்பெனிக்கும் ஒரே அர்த்தம், 1ன்னா அந்தந்த கம்பெனி வெச்சுக்கிட்டது, அதுக்கு ஆப் சொல்ற அர்த்தத்த அப்டியே நம்ப வேணாம். பி0301னா ஒன்னாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். இத எப்டி கண்டுபிடிக்குதுன்னு படிச்சப்ப அசந்துட்டேன், அந்தப் பல்லுச் சக்கரம் இருக்கே, ஒரு சிலிண்டர் எரியாம போனா அந்த நொடி கிராங்க் துளி மெதுவாகுமாம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆகற நேரத்த வெச்சே எந்த சிலிண்டர்னு சொல்லிடுது. பி0420 வந்தா கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்கற ரெண்டாவது ஓ2 சென்சாரும் முன்னாடி இருக்கறது மாதிரியே துள்ளுதுன்னு அர்த்தம், துள்ளாம இருந்தாத்தான் கன்வர்ட்டர் வேலை செய்யுதுன்னு.

லைட்டு சும்மா எரிஞ்சா பதறாம ஓட்டிட்டு வந்து பாக்கலாம், ஆனா விட்டு விட்டு மின்னுனா ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள்ள போயி எரிஞ்சு அத நாசமாக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், கன்வர்ட்டர் வெலைய கேட்டா நீங்களே எறங்கி தள்ளுவீங்க.

யாருக்கு செட்டாகும்? நம்ம நாட்டுல 2013 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்4 கார்களுக்கு ஓபிடி ரெண்டாம் கட்டம் கட்டாயம், அதுக்கப்பறம் வந்த வண்டின்னா பயப்படாம வாங்கலாம். அமெரிக்கால 1996லயே எல்லா புதுக் காருக்கும் இந்த ஒரே சாக்கெட்டு ஒரே கோடுன்னு கொண்டாந்துட்டாங்க, பொகைய கட்டுப்படுத்தத்தான் ஆரம்பிச்சது, நமக்கு மெக்கானிக் பில்ல கட்டுப்படுத்த ஒதவுது. பழைய வண்டில சாக்கெட் அதே மாதிரி இருக்கும், பேச்சு வேற பாஷைல இருக்கும், யாராச்சும் கிட்ட வாங்கி சொருகிப் பாத்துட்டு வாங்குங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ சர்வீஸ் விட்டுட்டு மத்தபடி பானெட்ட தொறக்கறதே இல்லங்கறவங்களுக்கு இது வேண்டாம். பழைய கார் வாங்கப் போறவங்க கண்டிப்பா ஒன்னு வெச்சுக்கணும், கோடு இல்லன்னா மட்டும் போதாது, ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல பெரும்பாலும் 'முடியல'ன்னு காட்டுனா இப்பதான் யாரோ கோட அழிச்சுட்டு வண்டிய காட்டறாங்கன்னு சந்தேகப்படலாம், இல்ல பேட்டரி கழட்டிருப்பாங்க. அம்மாபேட்டைல ஒரு வண்டிய பிரெண்டுக்காக இப்டித்தான் பாத்தோம், ஓனர் மொகம் போன போக்கு இருக்கே.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் பேட்டரிக்கும் முட்டிக்கும் கழிச்சது.

அந்தப் பழைய ஓ2 சென்சாரு என்னாச்சுன்னா, கோரிமேடு அண்ணன்கிட்ட கவரோட காட்டுனேன். முனைய வெளிச்சத்துல பிடிச்சு பாத்தாரு, ஹீட்டர் ஒயர்ல மீட்டர் வெச்சாரு. "இதுக்கு என்ன கேடு, நல்லாத்தான இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. இப்ப டிக்கில ஸ்டெப்னி பக்கத்துல கெடக்குது.